2018 முதல் ரீப்பரில் பாட்டுப் பதிவு

4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப், இரண்டு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், நன்றாகப் பாடும் தங்கை. 2018-இல் எங்களிடம் இருந்தது இவ்வளவுதான். பதிவுக்கு மென்பொருள் தேடினேன். கராஜ்பேண்ட் இலவசம், ஆனால் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும். ஆடாசிட்டியும் இலவசம்தான். ஆனால் அன்றைக்கு அதில் எஃபெக்ட் போட்டால் பதிவான ஒலியே மாறிவிடும். பாட்டு ஓடும்போதே கேட்டுக் கேட்டு மாற்றும் வசதி 2022-இல்தான் வந்தது. கடைசியில் ரீப்பர் (REAPER) என்ற பதிவு மென்பொருளுக்கு வந்து சேர்ந்தேன்.

ரீப்பரின் 60 நாள் சோதனைக் காலத்தில் எந்த வசதியையும் பூட்டி வைப்பதில்லை. தனிப்பட்ட உபயோகத்துக்கும் சிறு வருமானக்காரர்களுக்கும் விலை 60 டாலர். அப்போது சுமார் நாலாயிரம் ரூபாய். வாங்கியது 5-ஆம் பதிப்பு, 6 முழுவதும் அதே உரிமத்தில் ஓடியது. 2023-இல் 7 வந்தபோது மறுபடி 60 டாலர் கட்டினேன். அதில் கொஞ்சமும் வருத்தமில்லை. தங்கை ஒரே சரணத்தை ஐந்து முறை பாடுவாள். ஒன்றில் எடுப்பு நன்றாக இருக்கும், இன்னொன்றில் முடிப்பு. 7-இல் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, வேண்டிய இடத்தை மவுசால் இழுத்தாலே போதும், ஒரே பாட்டாகச் சேர்ந்துவிடும்.

பழைய லேப்டாப்பிலும் சிரமமில்லை. பாடும்போது பஃபரை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலியின் அளவை, 128 சாம்பிளில் வைப்பேன், ஹெட்ஃபோனில் குரல் தாமதமாகக் கேட்காது. பதிந்ததையெல்லாம் சேர்த்து மிக்ஸ் செய்யும்போது 1024, லேப்டாப் திணறாது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்யூ, சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசர் எல்லாம் கூடவே வருகின்றன. பார்க்கச் சாதாரணமாக இருக்கும், வேலை சுத்தம்.

சுருதி திருத்தும் ரீட்யூனும் உண்டு. கர்நாடக இசை பதிபவர்கள் அதைத் தானியங்கியாக விட்டுவிடாதீர்கள். அது அருகிலுள்ள ஸ்வரத்தில் குரலைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கும். தோடி ராகத்தின் காந்தாரம் என்ற ஸ்வரம் அசைவிலேதான் இருக்கிறது, நிறுத்தினால் ராகமே போய்விடும். சுருதி விலகினால் அந்த வரியை மட்டும் மறுபடி பாட வைப்பதுதான் எங்கள் வழக்கம். ஃபேனை அணைத்துவிட்டு, தம்புராவை ஹெட்ஃபோனில் மட்டும் விட்டு.

குறையும் சொல்ல வேண்டும். மிருதங்கம், தம்புரா, பியானோ என்று எந்த வாத்திய ஒலியும் இதில் வராது, தனியாகத் தேட வேண்டும். மெனுக்கள் ஏராளம், முதல் மாதம் எனக்குத் தலை சுற்றியது. பீட் போட்டு உடனே பாட்டு கட்ட நினைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். குரலையும் வாத்தியத்தையும் மைக் வைத்துப் பதிபவர்களுக்குத் தைரியமாகச் சொல்வேன்.

அப்புறம் ஒன்று. புது லேப்டாப்புக்கு மாறியபோது ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் எடுத்து வந்தேன். அதில் ஒலி இருக்காது, எந்தக் கோப்பு எங்கே என்ற விவரம்தான் இருக்கும். பழைய டிஸ்கை அழித்துவிட்டதால் மூன்று பாட்டுகள் போயின. நீங்கள் 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது, மீடியாவையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு நகலெடுக்கும் பெட்டியை டிக் செய்துவிடுங்கள்.