வெள்ளவத்தைக் கலைச் செயலமர்வு: அம்மாவுடன் எட்டுச் சனிக்கிழமைகள்

பாரிசவாதம் வந்துபோனதன் பின்னர் அம்மாவின் வலக்கை வலுக்குறைந்து, பேச்சும் இழுபடத் தொடங்கியிருந்தது. பயிற்சிக்கென்று கொடுக்கப்பட்ட ரப்பர் பந்தை இரண்டு நாட்கள் அழுத்திப் பார்த்துவிட்டு, அதைச் சாமியறைத் தட்டில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றிலுள்ள மண்டபத்தில் முதியோருக்கான கலைச் செயலமர்வு நடைபெறுகிறது என்று மேல்மாடியில் இருப்பவர் சொன்னபோது, பெரிய எதிர்பார்ப்பு எதுவுமின்றியே அம்மாவை அழைத்துச் சென்றேன். சனிக்கிழமைகளில் காலை 9.30 முதல் 11.30 வரை, மொத்தம் எட்டு வாரங்கள். ஒரு நாளுக்கு 300 ரூபா. களிமண், வர்ணம், தேநீர் அனைத்தும் அதற்குள் அடங்கும்.

முதல் இரண்டு வாரங்கள் தூரிகையும் தாளுமாகக் கழிந்தன. அம்மாவுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. மூன்றாம் வாரம் களிமண் உருண்டையை முன்னால் வைத்தார்கள். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இடியப்பத்துக்கு மா குழைப்பதைப் போல இடக்கையால் அழுத்தத் தொடங்கினார். சிறிது நேரத்தில், யாரும் சொல்லாமலே, வலக்கையும் வந்து சேர்ந்துகொண்டது. நான் உதவிக்குக் கையை நீட்டியபோது, “விடு பிள்ளை, பதம் வரேல்லை, கொஞ்சம் தண்ணி விடு” என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தடையின்றி வந்த முதல் முழு வாக்கியம் அது. வளவாளராக இருந்த இளம்பெண் கைதட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இந்தச் செயலமர்வுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பதென்றால் அந்தப் பக்குவத்துக்காகத்தான் கொடுப்பேன்.

ஒவ்வொரு நாளும் கடைசி அரைமணி நேரம் பாட்டுக்கு உரியது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களுள் சிலர், பேச முடியாத சொற்களையே பாட்டாகப் பாடிவிடுவதை மருத்துவத்துறை நெடுங்காலமாக அறியும். அதை அடிப்படையாகக் கொண்ட பேச்சுப் பயிற்சி முறையொன்று 1970களிலேயே உருவாகிவிட்டது. இங்கு நடப்பது அத்தகைய சிகிச்சை அன்று, நடத்துபவர்களும் அவ்வாறு உரிமை கோரவில்லை. ஆனாலும் சிறுவயதில் மனனம் செய்த தேவாரத்தை அம்மா ஓரடி கூடத் தடுக்காமல் பாடி முடித்ததைக் கேட்டிருந்த எனக்கு, அந்த அரைமணி நேரம் போதாது என்றே பட்டது.

கலையால் உடல்நலம் தேறுமா என்று கேட்பவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம் 2019 இல் வெளியிட்ட அறிக்கையைப் பார்க்கலாம். 3,000 இற்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து நோக்கும் அந்த அறிக்கை, நோய்த்தடுப்பிலும் நோயாளரைப் பராமரிப்பதிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்கிறது. இலங்கைக்கும் இது புதிதன்று. யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் மண்ணோடும் கதையோடும் பாட்டோடும் ஒன்றாகப் பொழுதைக் கழித்தார்கள். 2000 ஆம் ஆண்டில் உருவான சுனேரா மன்றம் மாற்றுத்திறனாளிகளுக்கு நாடகமும் நடனமும் பயிற்றுவித்து வருகிறது.

குறைகளும் உண்டு. மண்டபம் முதலாம் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை. முதியோருக்கென்றே நடத்தப்படும் ஒன்றுக்கு, கைபிடி ஆடுகின்ற பதினெட்டுப் படிகளை ஏறித்தான் போகவேண்டும் என்பதை யாரும் யோசிக்காதது எனக்கு விளங்கவில்லை. விளக்கங்களை முதலில் ஆங்கிலத்தில் சொல்லிப் பிறகு தமிழில் சுருக்குகிறார்கள். அந்தச் சுருக்கத்தில் பாதி விடுபட்டுப் போகிறது. ஒவ்வொரு வார முடிவிலும் சிரித்த முகம், அழுத முகம் அச்சிட்ட தாளொன்றைத் தந்து அன்றைய மனநிலையைக் குறிக்கச் சொல்வார்கள். பிளேன்டி கொண்டுவந்த பெண் மனம் நோகக்கூடாது என்பதற்காக அம்மா எட்டு வாரமும் சிரித்த முகத்துக்கே புள்ளடி இட்டார். அந்தத் தாள்களைக் கூட்டிக் கணக்கெடுத்து நிதி வழங்குவோருக்கு எதைத்தான் காட்டுவார்களோ!

எட்டாவது வாரக் கண்காட்சிதான் எனக்கு அறவே பிடிக்காதது. மேசைவிரிப்பு, பெயர் அட்டை, புகைப்படக்காரர், அரைமணி நேரம் பிந்தி வந்த பிரதம அதிதி என்று எல்லாம் இருந்தன. பார்வையாளர் முன்னிலையில் செய்து காட்டும்படி கேட்டபோது, அதுவரை ஒழுங்காக இயங்கிய அம்மாவின் வலக்கை சேலைத் தலைப்புக்குள் போய்விட்டது. ஏழு வாரமும் பார்ப்பார் எவருமின்றி வர்ணம் தீட்டி, மண் குழைத்தவர்களை ஒரே நாளில் மேடைக்கு உரியவர்களாக்கும் தேவை நடத்துபவர்களுக்கு இருந்ததே தவிர, வந்தவர்களுக்கு இருக்கவில்லை.

வீட்டில் முடங்கியிருக்கும் பெற்றோரை உடையவர்கள் தயங்காமல் அழைத்துச் செல்லலாம். படி ஏறுவதற்குத் துணையாக ஒருவர் கட்டாயம் போகவேண்டும். அடுத்த தொகுதிக்கும் அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். கண்காட்சி நாளன்று மட்டும் தனக்குக் காய்ச்சல் வரும் என்று அவர் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.