கோத்தகிரியில வயசானவங்களுக்கு ஆன்டிபயாடிக் வாங்கணும்னா இந்த மெடிக்கலுக்கு வாங்க

மெடிக்கல் ஷாப்புக்கெல்லாம் யாராவது ரிவ்யூ எழுதுவாங்களான்னு கேக்காதீங்க, எங்க அம்மா விஷயத்துல நான் பட்டது அப்படி, அதனாலதான் எழுதுறேன்.

அம்மாவுக்கு 78 வயசு, 45 கிலோ. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. இங்க குளிருக்கு தாகமே எடுக்கலன்னு சொல்லி தண்ணி குடிக்கவே மாட்டாங்க, ஃப்ளாஸ்க்ல வெந்நீர் ஊத்தி பக்கத்துல வச்சாலும் சாயங்காலம் அப்படியே இருக்கும். அதனால யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்துட்டே இருக்கு. போன வருஷம் கீழ சமவெளியில சொந்தக்காரங்க வீட்டுல இருந்தப்ப இதே பிரச்சனை, அங்க ஒரு கிளினிக்ல லீவோஃப்ளாக்சசின்னு ஒரு ஆன்டிபயாடிக், 500 மில்லிகிராம் தினம் ஒண்ணுன்னு எழுதி, பக்கத்து கடையில ஒரு வார்த்தை கேக்காம கிழிச்சு குடுத்துட்டாங்க. மூணாவது நாள் ராத்திரி அம்மா எழுந்து உக்காந்து, இறந்துபோன எங்க அப்பாவுக்கு டீ போடணும்னு அடுப்பை தேடுறாங்க. காலையில குதிகாலுக்கு மேல நரம்பு புடிச்சு இழுக்குதுன்னு படி இறங்க முடியல. வயசாயிடுச்சுல்லன்னு நாங்களும் விட்டுட்டோம், இப்ப நினைச்சாலும் மனசு கேக்கல.

இந்த மாசம் திரும்ப இன்ஃபெக்‌ஷன். இங்க டாக்டர் அவசரத்துல அதே மருந்தைத்தான் எழுதியிருந்தார், சீட்டை எடுத்துட்டு இந்தக் கடைக்கு வந்தேன். கவுன்ட்டர்ல இருந்த பார்மசிஸ்ட் மேடம் சீட்டை பார்த்துட்டு மாத்திரையை எடுக்கவே இல்ல, "பேஷன்ட்டுக்கு வயசு என்னங்கண்ணா, எடை எவ்ளோ, கிரியேட்டினின் பார்த்தீங்களா"ன்னு கேட்டாங்க. போன்ல இருந்த ரிப்போர்ட்டை காட்டி 1.0, நார்மல்னுதான் போட்டிருக்குன்னு சொன்னேன். அதுக்கு அவங்க ஒரு பேப்பர் கவரை திருப்பி வச்சு பேனாவால கணக்கு போட்டு காட்டினாங்க. 140-ல 78 போனா 62, அதை 45-ஆல பெருக்கினா 2790, அதை 72-ஆல வகுத்தா 38 சொச்சம் (கிரியேட்டினின் எவ்ளோவோ அதாலயும் வகுக்கணுமாம், அம்மாவுக்கு 1-ங்கறதால மாறல), பொம்பளைங்களுக்கு 0.85-ஆல பெருக்கணும், கடைசியில வந்தது 33. கிட்னி நிமிஷத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தை சுத்தம் பண்ணுதுன்னு தோராயமா சொல்ற கணக்கு இது. கிரியேட்டினின் சதையிலிருந்து வர்ற கழிவாம், வயசானவங்களுக்கு சதையே வத்திப்போறதால அது கம்மியாதான் உருவாகும், அதனால கிட்னி பாதி வேலைதான் செஞ்சாலும் ரிப்போர்ட்ல நார்மல்னு வரும்னு சொன்னாங்க. இத்தனை வருஷமா ரிப்போர்ட்டை பார்த்து நிம்மதியா இருந்திருக்கேன், யாரும் இதை சொன்னதில்ல!

லீவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் கிட்னி வழியாத்தான் வெளிய போகுமாம். கிட்னி நல்லா இருந்தா 6-லிருந்து 8 மணி நேரத்துல பாதி போயிடும், அம்மா மாதிரி அந்தக் கணக்கு 20-லிருந்து 49-க்குள்ள இருந்தா அந்தப் பாதி போகவே ஒரு நாளுக்கு மேல ஆகும். அப்ப நேத்து போட்டதுல பாதிக்கு மேல உள்ள இருக்கும்போது இன்னைக்கு இன்னொரு 500 போய் சேருது. அதனால முதல் நாள் 500, அப்புறம் தினம் 250-தான்னு குறைக்கணுமாம். போன வருஷம் நடந்ததை சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. ராத்திரி குழப்பம், குதிகால் நரம்பு ரெண்டுமே இந்த வகை மருந்துல வர்றதுதானாம், 60 வயசுக்கு மேல அந்த நரம்பு (நாம நரம்புன்னு சொல்றது, தசையை எலும்போட சேக்குற நாண்) அறுந்து போறதே உண்டு, அமெரிக்காவுல 2008-லயே அதுக்கு பெரிய எச்சரிக்கை போட வச்சிருக்காங்க. அம்மா சுகருக்கு கிளிமெபிரைட்னு ஒரு மாத்திரை வேற போடுறாங்க, ரெண்டும் சேர்ந்தா சுகர் திடீர்னு இறங்கிடும்னாங்க.

அவங்களா எதையும் மாத்தி குடுக்கல, அதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. என் முன்னாடியே டாக்டருக்கு போன் போட்டு விஷயத்தை சொன்னாங்க. அவரும் கோவப்படல, யூரின் கல்ச்சருக்கு (எந்தக் கிருமின்னு பாக்குற டெஸ்ட்) சாம்பிள் குடுக்க சொல்லிட்டு வேற மருந்தை அளவு குறைச்சு எழுதி அனுப்பினார். அதோட பேரை இங்க போட மாட்டேன், பார்த்துட்டு யாராவது தானா வாங்கி போட்டுடக் கூடாது. கேஸுக்கு குடிக்கிற சிரப், இரும்புச் சத்து மாத்திரை இதெல்லாம் சில ஆன்டிபயாடிக்கை உடம்புல ஏற விடாது, அதனால எது எது சாப்பிடுறாங்கன்னு அதையும் விடாம கேட்டுக்கிட்டாங்க. அஞ்சு நாள்ல அம்மாவுக்கு சரியாச்சு, குழப்பம் இல்ல, கால் வலி இல்ல.

நான் நிக்கும்போதே கட்டபெட்டுல இருந்து ஒரு தாத்தா காலி ஸ்ட்ரிப்பை நீட்டி ரெண்டு மாத்திரை மட்டும் கேட்டார். சீட்டு இல்லாம தர முடியாதுன்னு பொறுமையா சொல்லி ஜிஹெச்சுக்கு போக சொன்னாங்க. இந்த மாதிரி சில ஆன்டிபயாடிக்குக்கு 2014-ல இருந்தே பேஷன்ட் பேர், டாக்டர் பேர், எத்தனை மாத்திரைன்னு தனி ரிஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வைக்கணும்னு சட்டம் இருக்கு, இங்க நிஜமாவே எழுதுறாங்க, நான் பார்த்தேன்.

குறைன்னா மதியம் சாப்பாட்டுக்கு மூடிடுவாங்க, சாயங்காலம் மினிபஸ் வர்ற நேரத்துல கூட்டம், கால் மணி நேரம் நிக்கணும். டிஸ்கவுன்ட் ஒண்ணும் பெருசா கிடையாது, எனக்கு அது வேண்டவும் வேண்டாம். 5-க்கு 5 குடுக்குறேன். போகும்போது கடைசியா எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும், அவங்க தினம் போடுற மாத்திரை ஸ்ட்ரிப் எல்லாத்தையும் ஒரு பையில எடுத்துட்டு போங்க. கடைக்கு ஏழெட்டு படி ஏறணும், முடியாதவங்க கீழயே நின்னு குரல் குடுத்தா கடையில வேலை செய்ற தம்பி இறங்கி வந்து சீட்டை வாங்கிக்குவான்.