ஓவனில் ஸ்டோன்வேர்: எந்தக் காலைப் பலகாரத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது

ஓவனில் ஸ்டோன்வேர் பாத்திரம் வைத்துக் காலைப் பலகாரம் செய்வதைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தோசைக்கல்லை இனி எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடலாமா என்பதுதான். முடியாது. மெல்லிசாக இழுத்து வார்க்க வேண்டிய எதற்கும் இது உதவாது. ஆனால் ஒரு விரல் தடிமனுக்கு இருந்து, உள்ளே நிதானமாக வெந்து, அடியில் மொறுமொறுப்பாகப் பிடிக்க வேண்டிய பலகாரங்களை இது செய்துதரும் விதத்தைத் தோசைக்கல்லில் கொண்டுவருவது கடினம். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள எங்கள் வீட்டில் நான்கு பேருக்கான சமையலில், நடுத்தர அளவு ஓ.டி.ஜி. (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார ஓவன்) ஒன்றோடு, கண்ணாடிபோன்ற மேற்பூச்சு இல்லாத தட்டையான இரண்டு ஸ்டோன்வேர் பலகைகளையும் (இவற்றைத்தான் கல் என்கிறேன்), மேற்பூச்சு உள்ள ஆழமான நீள்சதுரப் பாத்திரம் ஒன்றையும், கையடக்கமான சில கிண்ணங்களையும் பல ஆண்டுகளாகப் புழங்கி வருவதன் அடிப்படையில் இதை எழுதுகிறேன்.

ஸ்டோன்வேர் என்பது ஏறத்தாழ 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்ட களிமண். அந்த வெப்பத்தில் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடிபோல் உருகி மற்றத் துகள்களை இறுக்கிப் பிணைத்துவிடுவதால், சாதாரண மண்சட்டியைப் போல் இது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. நம் வீடுகளில் ஆவக்காய் ஊறும் பழுப்பும் வெள்ளையுமான கனத்த ஜாடி இந்த வகையைச் சேர்ந்ததுதான். மாக்கல்லைக் குடைந்து செய்யும் கற்சட்டி முற்றிலும் வேறு பொருள். இரண்டுக்கும் பழக்கும் முறையும் ஒன்றல்ல. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலிருந்து வரும் பாத்திரங்கள் பெங்களூருக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு அந்த ஊரைச் சுற்றி வளர்ந்த ஸ்டோன்வேர் பட்டறைகளின் பொருள்களையும் இங்கே வாங்க முடிகிறது.

இதன் பயன் முழுவதும் அது வெப்பத்தை எவ்வளவு மெதுவாகக் கடத்துகிறது என்பதில் இருக்கிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சுட்ட களிமண் வெப்பத்தைக் கடத்தும் திறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஓ.டி.ஜி.யில் சூடேற்றும் கீழ்க் கம்பி தட்டுக்கு மிக அருகில் இருப்பதாலும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அந்தக் கம்பியை விட்டுவிட்டு எரிய வைப்பதாலும், கூடவே வரும் மெல்லிய அலுமினியத் தட்டில் எதை வைத்தாலும் கம்பிக்கு நேர்மேலே கருகிய கோடும் மற்ற இடங்களில் வெளுப்புமாக வருவது வழக்கம். கனமான கல் அந்த ஏற்ற இறக்கத்தை உள்வாங்கிக்கொண்டு மேலே சீராகத் தருகிறது. கதவைத் திறந்து மூடும்போது ஓவனுக்குள் காற்றின் சூடு சட்டென்று இறங்கினாலும் கல்லின் சூடு இறங்குவதில்லை. மேற்பூச்சு இல்லாத கல்லாக இருந்தால், அதன் மேற்பரப்பில் மிச்சமிருக்கும் நுண்துளைகள் மாவின் அடியில் உள்ள ஈரத்தையும் சிறிது இழுத்துக்கொள்வதால் அடிப்பக்கம் சீக்கிரம் முறுகுகிறது.

இந்தக் குணத்துக்கு அச்சாகப் பொருந்திய பலகாரம் தவலை அடை. அரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு ஆகியவற்றை ரவையாக உடைத்து, மிளகு, சீரகம், பெருங்காயம், தேங்காய்ப்பல் சேர்த்து உப்புமாபோல் கிளறி, கனத்த வெண்கலத் தவலையின் உட்புறத்தில் எண்ணெய் விட்டுத் தட்டி, மூடிபோட்டு நிதானமாக வேகவிடுவது பழைய முறை. அந்தத் தவலையின் கனம்தான் அடையின் உயிர். மெல்லிய வாணலியில் செய்தால் அடி கருகும், நடு மாவாகவே நிற்கும். தட்டைக் கல்லில் செய்யும்போது, கல்லை ஓவனோடு சேர்த்துக் குளிர்ந்த நிலையிலிருந்தே 200 டிகிரிக்குச் சூடாக்கி, நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவி, கை தாங்கும் சூட்டில் இருக்கும் உப்புமாவை உருண்டையாக எடுத்து வாழையிலைத் துண்டில் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்குத் தட்டி, நடுவில் துளையிட்டு, கல்லின் மேல் கவிழ்த்து இலையை உரித்துவிட வேண்டும். துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டால் அது கல்லைத் தொட்டதும் அங்கேயே பொரியத் தொடங்கும் ஓசை கேட்கும். கேட்காவிட்டால் கல் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். முதல் அரைமணி நேரம் கீழ்க் கம்பி மட்டும் எரிய வேண்டும். பிறகு மேல்கம்பியையும் சேர்த்துப் பத்து நிமிடம் விட்டால் மேற்புறத்தில் தேங்காய்ப்பல் பொன்னிறமாகும். திருப்பிப்போட வேண்டியதே இல்லை.

இங்கே எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எண்ணெயே இல்லாமல் பலகாரம் செய்யலாம் என்ற ஆசையில் இந்தக் கற்களை வாங்குபவர்கள் பலர். அடை, தவலை அடை போன்றவற்றில் எண்ணெய் என்பது ஒட்டாமல் இருப்பதற்கு மட்டும் விடப்படுவதல்ல, கல்லின் சூட்டை மாவின் ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் கொண்டுசேர்ப்பதும் அதுதான். எண்ணெயைக் குறைத்தால் அடை வேகும், ஆனால் காய்ந்த ரொட்டியின் சாயல் வந்துவிடும். தோசைக்கல்லில் விடுவதைவிட இதில் குறைவாகச் செலவாகிறது என்பது உண்மை. அதற்கு மேல் சிக்கனம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கரகரப்பாக அரைத்த சாதாரண அடை மாவை ஆழமான பாத்திரத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, மேலே கடுகு, எள், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி வேகவைத்தால் ஏறத்தாழ குஜராத்திகள் அரிசி, பருப்பு மாவில் சுடும் ஹாண்ட்வோ மாதிரி வருகிறது. வெட்டித் துண்டுபோட்டு அலுவலகத்துக்கும் எடுத்துச் செல்லலாம். மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு முழுவதும் அவரைக்காய் வாசம் வீசும்போது, தோல் பிதுக்கிய அவரைப் பருப்பைச் சேர்த்துச் செய்யும் அடைக்கும் அக்கி ரொட்டிக்கும் (அரிசிமாவு ரொட்டி) இந்தக் கல்லே எங்கள் வீட்டில் முன்னால் வரும். அக்கி ரொட்டியைக் கொஞ்சம் கனமாகத் தட்ட வேண்டும். மெல்லிசாகத் தட்டினால் அரிசி மாவு ஓவனின் வறட்டுச் சூட்டில் விறைத்து அப்பளம்போல் உடையும். அதன் மேல் ஈரத்துணியைப் பிழிந்து ஒருமுறை ஒற்றிவிட்டு உள்ளே வைப்பது நல்ல பலன் தருகிறது.

இந்த ஊரில் ஐயங்கார் பேக்கரிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் காரா பன்னை வீட்டில் செய்யத் தேவை இருக்காது. ஆனாலும் பச்சை மிளகாய், வெங்காயம், கொத்துமல்லி போட்டுப் பிசைந்த பன்னை ஸ்டோன்வேரில் சுட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் அலுமினியத் தட்டில் மேல்புறம் சிவப்பதற்குள் அடி கருத்துவிடும் தொல்லை இதில் இல்லை. முந்தின இரவே பிசைந்து கல்லின் மேல் உருட்டி வைத்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டால், டிசம்பர் குளிரிலும் காலைக்குள் உப்பிவிடும். அந்தக் கல்லை அப்படியே குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூடேற்ற வேண்டும். சுடத் தொடங்கியபின் மின்சாரம் போனாலும் பதற வேண்டியதில்லை, கதவைத் திறக்காமல் விட்டால் கல்லில் தேங்கிய சூட்டிலேயே கடைசிப் பத்து நிமிட வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பெங்களூருக்கு மின்சாரம் தரும் பெஸ்காம் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

கிண்ணங்களில் தக்காளித் தொக்கு பரப்பி அதன் மேல் முட்டையை உடைத்து ஊற்றிச் சுடுவது சுலபம். ஓவனிலிருந்து எடுத்த பிறகும் கிண்ணத்தின் சூட்டில் முட்டை இறுகிக்கொண்டே போகும் என்பதால், மஞ்சள் கரு தளர்வாக வேண்டுமென்றால் இரண்டு நிமிடம் முன்பாகவே எடுத்துவிட வேண்டும்.

பொருந்தாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தோசை, ஊத்தப்பம் இரண்டும் வேண்டாம். தோசை மாவு கல்லைத் தொட்ட நொடியில் அதன் மேற்பரப்புச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது, அடியிலிருந்து புதுச் சூடு ஏறிவர ஸ்டோன்வேரில் நேரம் ஆகிறது, அதற்குள் மாவு முறுகாமல் வெளிறிக் காய்ந்துவிடுகிறது. இட்லிக்கு ஆவி வேண்டும், ஆகையால் அதற்கு ஓவனில் வேலையில்லை. மசால் வடையைச் சுட்டால் வடை என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடக்கூடிய ஒரு பருப்புத் தட்டை கிடைக்கும். உளுந்து வடையைச் சுடலாம் என்று சொல்பவர்களோடு நான் வாதிடுவதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, சாப்பாட்டு மேசைக்காகச் செய்த ஸ்டோன்வேர் எல்லாம் ஓவனுக்கு ஆகாது என்பது. களிமண்ணில் உள்ள சிலிக்காவில் ஒரு பகுதி அதிக வெப்பத்தில் நெடுநேரம் சுடப்படும்போது கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறக்கூடும். அந்தப் படிகம் ஏறத்தாழ 226 டிகிரியில் திடீரென அளவு மாறும் இயல்புடையது. அது நம் ஓவன் எட்டும் சூடுதான். ஓவன் பாத்திரம் செய்யும் குயவர்கள் இந்தப் படிகம் உண்டாகாதபடி மண்கலவையைத் திட்டமிடுகிறார்கள், சாப்பாட்டுத் தட்டு செய்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓவனுக்கு ஏற்றது என்ற சீட்டோடு இணையத்தில் வாங்கிய ஒரு பாத்திரம், நாங்கள் முறைப்படி குளிர்ந்த ஓவனில் வைத்துச் சூடேற்றியும், கைப்பிடியும் சுவரும் சேரும் இடத்திலிருந்து அடிவரை கோடாக விரிந்துபோயிற்று. விற்றவர்கள், மைக்ரோவேவ் என்பதைத்தான் ஓவன் என்று குறித்திருப்பதாக விளக்கம் சொல்லி, பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று எண்ணில் எழுதித் தராத பாத்திரத்தை நாங்கள் வாங்குவதில்லை. கைப்பிடி தனியாக ஒட்டாமல் விளிம்போடு சேர்ந்தே வார்த்த வடிவங்கள் நெடுநாள் நிற்கின்றன.

விரிசலுக்கு இன்னொரு காரணம், ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சூடாவதோ குளிர்வதோ. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவைச் சூடான கல்லில் ஊற்றக் கூடாது. அது அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். பெங்களூருக் குளிர்காலக் காலையில் கருங்கல் மேடை சில்லென்று இருக்கும், ஆகவே ஓவனிலிருந்து எடுத்த பாத்திரத்தை மரப்பலகையிலோ நான்காக மடித்த கரித்துணியிலோதான் இறக்கி வைக்கிறோம். அந்தக் கரித்துணியில் ஈரம் இருக்கக் கூடாது. தட்டையான கற்களை வெறுமனே சூடாக்கலாம், ஆழமான மேற்பூச்சுப் பாத்திரத்தை அப்படிச் செய்யாமல் இருப்பதே நல்லது. அடுப்பின் நேரடித் தீயில் எதையும் வைக்கக் கூடாது.

மேற்பூச்சு இல்லாத கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் அந்த வாசம் துளைகளில் தங்கி அடுத்த பலகாரத்தில் எழும். ஆறியபின் மரக் கரண்டியால் சுரண்டி, வெந்நீரில் கழுவினால் போதும். புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் கல், எண்ணெய் ஏற ஏறத் திட்டுத்திட்டாகப் பழுப்பாகி, பிறகு ஒரே கருமையாகும். பார்க்க அழுக்காகத் தோன்றினாலும் பழகிய கல்லின் அடையாளம் அதுதான், அந்த நிலையில் அடை தானாகவே கிளம்பி வரும். ஆனால் எண்ணெய் குட்டையாகத் தேங்கி நின்றால் பிசுபிசுப்பாக உறைந்துவிடும், அதை வெந்நீரில் குழைத்த சமையல் சோடாவால்தான் நீக்க முடியும். மழைக்காலத்தில் கல் உலர ஒரு நாள் பிடிக்கிறது. ஈரம் உள்ளே இருக்கும்போது சூடாக்கினால் ஆவி அழுத்திக் கல்லைப் பிளக்கலாம் என்பதால், கழுவியதும் அலமாரிக்குள் அடுக்காமல் காற்றுப்படச் சாய்த்து வைப்பது அவசியம். பெருங்காய வாசம் எத்தனை கழுவினாலும் போவதில்லை, இரண்டு கற்கள் வைத்திருப்பதற்கு அதுவே காரணம்: ஒன்று அடைக்கு, மற்றது பன்னுக்கும் ரொட்டிக்கும். மேற்பூச்சுப் பாத்திரத்துக்கு இந்தக் கவலைகள் இல்லை. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறக் கீறல் விழும், அவ்வளவுதான்.

நேரத்தையும் மின்சாரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறும் ஓவன் பத்து நிமிடத்தில் எட்டும் சூட்டை உள்ளே கல் இருக்கும்போது எட்ட இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. 1600 வாட் ஓவனை ஒரு மணி நேரம் ஓட்டினால், தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்துவதைக் கழித்தபின், ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட்டுக்குள் ஆகும். ஒருவருக்கோ இருவருக்கோ இரண்டு அடை வேண்டுமென்றால் கேஸ் அடுப்பும் தோசைக்கல்லுமே சிக்கனம். கல்லின் கனத்தில் ஓ.டி.ஜி.யின் கம்பித் தட்டு நடுவில் தொய்வதையும் பார்க்கிறோம். தட்டைப் பாதிக்குமேல் வெளியே இழுத்தால் முன்பக்கம் சாயும் என்பதால் வயதானவர்களிடம் இந்த வேலையைக் கொடுப்பதில்லை. கும்பகோணத்தில் வெண்கலத் தவலையைத் தூக்கிப் பழகிய என் மாமியார், "நீ கல்லை எடுத்து வை, மாவை நான் தட்டறேன்" என்று வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையோ விருந்தினர் வந்த நாளோ என்றால் கணக்கு மாறுகிறது. தோசை வார்க்கும் வீட்டில் வார்ப்பவர், மற்ற எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் உட்கார முடியும். இரண்டு கற்களையும் அடுத்தடுத்த தட்டுகளில் வைத்து எட்டு அடை தட்டிவிட்டு, நடுவில் ஒருமுறை மேலும் கீழும் மாற்றினால், அவை வேகும் நேரத்தில் சட்னியை அரைத்து, காப்பியைக் கலந்து, எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்துவிடலாம். புதிதாக வாங்குபவர்கள் முதலில் மேற்பூச்சு இல்லாத ஒரு தட்டைக் கல்லை மட்டும் வாங்குவது போதும். ஓவனின் உள்ளளவை டேப்பால் அளந்து, நான்கு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி விட்டு வரும் அளவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்தை அடைத்துவிடும் கல் கீழ்ச் சூட்டை மேலே ஏறவிடாது. ஆழமான பாத்திரத்தை அடை மாவு ஊற்றிச் சுடும் வழக்கம் வீட்டில் நிலைத்தபின் வாங்கிக்கொள்ளலாம்.