மங்கிப்போன ஹெட்லைட்: பாலிஷா, ரிலேயா, எல்இடியா?

ராத்திரியில் உளுந்தூர்பேட்டை தாண்டிப் போகும்போது, பின்னால் வரும் ஆம்னி பஸ்ஸின் வெளிச்சத்தில்தான் முன்னால் இருக்கும் ரோடு தெரிகிறது என்றால், உங்கள் காரின் ஹெட்லைட்டைக் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், சான்ட்ரோ வைத்திருப்பவர்களின் பொதுவான புலம்பல் இது. ஆக்சஸரீஸ் கடைக்குப் போனால் ஒரே பதில்தான் வரும்: "எல்இடி போட்டுடுங்க சார், பகல் மாதிரி இருக்கும்." ஹெட்லைட்டின் கண்ணாடி எந்த நிலையில் இருக்கிறது என்றுகூடக் குனிந்து பார்க்க மாட்டார்கள்.

இந்தக் கார்களில் இருப்பது எச்4 ஹாலஜன் பல்பு. ஹை பீம் 60 வாட், லோ பீம் 55 வாட். 13.2 வோல்ட் கிடைத்தால் ஹை பீமில் சுமார் 1,650 லூமனும் (லூமன் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) லோ பீமில் சுமார் 1,000 லூமனும் தர வேண்டும் என்பது இதற்கான சர்வதேச அளவு. அந்த ஆயிரம் லூமன் ஒழுங்காக ரோட்டில் விழுந்தால் ஊர் ஓட்டத்துக்குத் தாராளம், நெடுஞ்சாலைக்கும் சமாளிக்கலாம். புது காராக இருந்தபோது இதே பல்பில்தானே ஓட்டினோம்? இடையில் வெளிச்சம் எங்கோ தொலைகிறது. கண்ணாடி, பல்பின் ஒளியை ரோட்டுக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டர், வயர், பல்பு என்று தொலைவதற்கு நாலே இடங்கள்தான். எங்கே என்று பார்க்காமல் பல்பில் மட்டும் காசைக் கொட்டுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பாலிஷா, புது லைட்டா?

கண்ணாடி என்று சொன்னாலும் அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கம்பெனியில் அதன் மேல் ஒரு பாதுகாப்புப் பூச்சு அடித்துத் தருவார்கள். நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் நின்றால் புற ஊதாக் கதிர் அந்தப் பூச்சை அரித்துவிடும். பிளாஸ்டிக் மஞ்சளாகி, பால் படிந்த மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் குறைவது ஒரு நஷ்டம். மிச்சம் இருக்கும் வெளிச்சமும் நேராகப் போகாமல் நாலா பக்கமும் சிதறுவது இன்னொரு நஷ்டம். எதிரே வருபவருக்குக் கண் கூசும், நமக்கு ரோடு தெரியாது.

பாலிஷ் போட்டால் தேறுமா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. ஒரு மக் தண்ணீரைக் கண்ணாடி மேல் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்போது தெளிவாகி, காய்ந்ததும் மறுபடி மங்கினால், கோளாறு வெளிப்பக்கம்தான். பாலிஷ் வேலை செய்யும். ஊற்றியும் மாற்றமில்லை என்றால் மங்கல் பெரும்பாலும் உள்ளே இருக்கிறது.

முறையான பாலிஷ் என்றால் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 1000, 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைப் படிப்படியாக நைஸாக்கிக்கொண்டே போய்த் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. முதல் பேப்பரில் மஞ்சள் கலந்த பால் போல் தண்ணீர் வழியும். அது வெள்ளையாகும் வரை விடக்கூடாது. அந்தக் கட்டத்தில் லைட் முன்னைவிட மோசமாக, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி போல் இருக்கும். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். 3000 முடிந்து காம்பவுண்ட் போட்டு பஃபிங் செய்தால்தான் தெளிவு வரும். ஆனால் அத்தோடு முடியவில்லை. மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டோ ஃபிலிமோ போடாவிட்டால் சில மாதங்களில் மறுபடியும் மஞ்சள்தான், ஏனென்றால் பழைய பூச்சை நாமே தேய்த்து எடுத்துவிட்டோம். சர்வீஸ் ஸ்டேஷனில் பாலிஷ் என்று அரை மணி நேரத்தில் மெஷின் ஓட்டி அனுப்பினால், கோட்டிங் உண்டா என்று கேட்டுவிடுங்கள். டூத்பேஸ்ட் வைத்தியமும் தேய்க்கும் வேலைதான், பலன் சில வாரம்.

புது லைட் எப்போது? உள்ளே தண்ணீர் இறங்கி ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் வேறு வழி கிடையாது. அதில் இருப்பது வெற்றிடத்தில் படிய வைத்த மெல்லிய அலுமினியப் படலம். துணியால் துடைத்தாலே உரிந்து வந்துவிடும். அதை பாலிஷ் போட முயல்வது வீண். பல்பைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பல்புக்கு மேலே சாம்பல் திட்டு, பழுப்புக் கருகல் தெரிந்தால் அந்த லைட்டின் ஆயுள் முடிந்தது. மாற்றும்போது ஜோடியாக மாற்றுவது நல்லது. கம்பெனி அயிட்டம் விலை அதிகம்தான், ஆனால் நான் அதைத்தான் சொல்வேன். டூப்ளிகேட்டில் வெளித்தோற்றம் அச்சு அசலாக இருக்கும், ஃபோகஸ் மட்டும் எங்கோ போகும். பல கார்களில் பம்பரைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும் என்பதால் கூலியையும் கணக்கில் வையுங்கள்.

பல்பை மாற்றுவதா, வயரை மாற்றுவதா?

அதிகம் பேசப்படாத இடம் வயரிங்தான். மேலே டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் நூலாக வருமே, அதே கதை. பல கார்களில் ஹெட்லைட் கரண்ட் மொத்தமும் மெல்லிய வயரில் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வரை போய்த் திரும்பி வருகிறது. சுவிட்சுக்குள் கருகிய காண்டாக்ட், துருப்பிடித்த பாடி எர்த் (கரண்ட் காரின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு), லூசான ஹோல்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வோல்டேஜ் கழிகிறது.

ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். 10 சதவீதம் வோல்டேஜ் போனால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். எஞ்சினை ஓடவிட்டு, லோ பீம் போட்டு, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள். அப்புறம் பல்பு எரியும்போதே ஹோல்டரின் பின்பக்கம் வையுங்கள். பேட்டரியில் 13.8, பல்பில் 12.3 என்று காட்டினால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போயிற்று என்று அர்த்தம். ஹோல்டரைக் கழற்றி வைத்து அளக்காதீர்கள். லோடு இல்லாமல் பார்த்தால் எல்லா வயரும் நல்ல வயர்தான்.

இதற்கு மருந்து ரிலே வயரிங் கிட். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் நேராகப் பல்புக்கு வரும். பழைய வயர் ரிலேயைத் தட்டிவிடும் வேலையை மட்டும் பார்க்கும். சுவிட்சுக்கும் ஆயுள் கூடும். செலவு ஒரு ஜோடி நல்ல எல்இடி பல்பைவிடக் குறைவு. விவரம் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா, வயர் எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் கட்டியிருக்கிறதா என்று நின்று பாருங்கள். வாரண்டி மிச்சம் இருக்கும் காரில் மட்டும் இதைத் தொடாதீர்கள்.

ரிலே போடாமல் 100/90 வாட் பல்பு போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. 55 வாட் பல்பு ஒன்று நாலரை ஆம்பியர் சொச்சம் இழுக்கும். 90 வாட் என்றால் ஏழரை. அதே மெல்லிய வயரில் கரண்ட் கூடினால் வோல்டேஜ் இழப்பும் கூடும், ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் கருகும். கண்கூசும் புகாரும் சேர்ந்துகொள்ளும்.

அதே 60/55 வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும் பல்புகள் ஃபிலிப்ஸ், ஓஸ்ராம் போன்ற கம்பெனிகளில் உண்டு. நம்பி வாங்கலாம். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 130 சதவீதம், 150 சதவீதம் எல்லாம் சட்டப்படி தேவையான குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டது, உங்கள் பழைய பல்போடு அல்ல. ஆயுளும் குறைவு. நீலச் சாயம் பூசி 'வெள்ளை ஒளி' என்று விற்பதை மட்டும் தவிருங்கள். அந்தப் பூச்சு வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

எல்இடி விஷயம்

எல்இடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியே எல்இடிக்காக வடிவமைத்த லைட் அருமையாக இருக்கும். ஹாலஜனுக்கான ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பைச் சொருகுவதில்தான் தகராறு. எச்4 பல்பின் லோ பீம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். இழையின் இடமும் அந்தக் கிண்ணமும் சேர்ந்துதான் வெளிச்சத்தை ஒரு கோட்டுக்குக் கீழே நிறுத்துகின்றன. எல்இடி சிப் அந்த இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் கோடு கலைந்து, வெளிச்சம் எதிர் வண்டிக்காரர் முகத்தில் போய் அடிக்கும். காருக்குப் பக்கத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழுவதால் நமக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் கண் அந்தப் பளிச்சுக்குப் பழகிவிட, தூரத்தில் நிற்கும் மாடு தெரியாது. மழையில் 6000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை ஒளி இன்னும் எரிச்சல். முன்னால் உருண்டை லென்ஸ் வைத்த புரொஜெக்டர் லைட்டில் இந்தக் கூச்சத் தொல்லை குறைவு, அதிலேயே வெளிச்சத்தை வெட்டும் தகடு இருப்பதால்.

ஜெர்மனியில் 2020-ல்தான் ஓஸ்ராமின் எல்இடி மாற்று பல்பு முதன்முதலாக ரோட்டில் ஓட்ட அனுமதி பெற்றது. அதுவும் பட்டியலில் உள்ள குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். ஒரே பல்பு எல்லா ரிஃப்ளெக்டருக்கும் பொருந்தாது என்பதால்தான் இந்தக் கெடுபிடி. நம் நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. ஹெட்லைட் நடுவில் போலீஸ் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது நமக்குப் புதிதா என்ன?

அப்படியும் போட்டுப் பார்க்கத்தான் போகிறேன் என்றால், திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். இரவில் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி ஒரு பக்கம் ஹாலஜன், மறுபக்கம் எல்இடி மாட்டிப் பாருங்கள். எல்இடி பக்கமும் கோடு கூர்மையாக, இடது ஓரம் மட்டும் மேலே ஏறி விழுந்தால் வைத்துக்கொள்ளலாம். கோடே இல்லாமல் சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தால் அப்போதே கழற்றிவிடுங்கள். எச்ஐடி கிட் (இழைக்குப் பதில் வாயுவில் மின்பொறி பாய்ந்து எரியும் செனான் பல்பு) பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, இதே குறைகள் இன்னும் அதிகமாக.

கடைசியாக ஃபோகஸ்

டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும் கார்களில் முதலில் அதைப் பாருங்கள். டிக்கி நிறைய லக்கேஜ் இருக்கும்போது லைட்டைக் கீழே இறக்குவதற்கானது அது. எப்போதோ யாரோ 3-ல் வைத்துவிட்டுப் போயிருந்தால், டிரைவர் மட்டும் இருக்கும் காரில் வெளிச்சம் பம்பருக்கு முன்னால் கொஞ்ச தூரத்திலேயே தரையில் முட்டிவிடும். 0-க்குக் கொண்டுவாருங்கள், காசு செலவில்லை.

அப்புறம் சமதரையில், டயர் காற்று சரிபார்த்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். லோ பீம் கோடு பல்பின் உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். லைட்டுக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பினால் ஏறும், இறங்கும். பாலிஷ் போட்டாலும், பல்பு மாற்றினாலும், பம்பரைக் கழற்றி மாட்டினாலும் இதை மறுபடி பார்த்துவிட வேண்டும்.