உள்ளே போகப் போக ஒடுங்கும் வரிகள்: லேடெக் பட்டியல்களோடு ஆறு வருடம்

தமிழில் பயிற்சிக் கையேடுகளைப் பக்கமாக்கித் தருவது என் வேலை. குறிப்பு, அதற்குள் உட்குறிப்பு, அதற்குள்ளும் ஒரு ‘கவனிக்க’ என்று எழுதிக் கொடுப்பவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். வேர்டில் இருந்தவரை ஒவ்வொரு மட்டத்தையும் ரூலரில் இழுத்து இழுத்து நிறுத்துவேன். வேறொரு கோப்பிலிருந்து நான்கு வரி ஒட்டினால் போதும், பட்டியல் பாதி ஒரு பக்கமும் மீதி ஒரு பக்கமுமாக நிற்கும். கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் தானே பக்கம் அமைத்துத் தரும் லேடெக் மென்பொருளுக்கு மாறியதற்கு முதல் காரணமே அதுதான்.

மாறியதும் வேறு தலைவலி. லேடெக் இடப்பக்கம் தானாக விடும் இடம் ரொம்பத் தாராளம்: முதல் மட்டத்துக்கு 2.5 எம் (10 பாயின்ட் எழுத்தில் ஒரு எம் என்பது சுமார் 10 பாயின்ட்), அப்புறம் 2.2, 1.87, 1.7. லேடெக்கின் ஆயத்தப் பக்க அமைப்புகளில் ஒன்றான ஆர்ட்டிகிள் வகுப்பில் 10 பாயின்ட் எழுத்துக்கு வரி அகலம் 345 பாயின்ட். நான்காம் மட்டத்துக்கு வருவதற்குள் அதில் 80க்கு மேல் கரைந்துவிடும். ஆங்கிலம் இதைத் தாங்கும். தமிழில் ‘மேற்கொள்ளப்படவேண்டியவை’ என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்தால் மிச்சமிருக்கும் வரியில் பாதிக்குக் கிட்டத்தட்ட அதுவே அடைத்துக்கொள்கிறது. இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெளி.

எழுத்துருவை மாற்றினால் இந்த இடமும் மாறும் என்று நினைத்தேன். மாறாது. வகுப்புக் கோப்பை ஏற்றும்போதே எம் கணக்கு பாயின்டாக உறைந்துவிடுகிறது. பிறகு எந்தத் தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்தாலும் அசையாது.

ஹவியர் பெசோஸ் (அமேசான்காரர் இல்லை) எழுதிய எனும்ஐட்டம் என்ற, லேடெக் பட்டியல்களை மாற்றியமைக்கும் துணைத் தொகுப்புதான் கைகொடுத்தது. முதல் மாதம் அதையும் தப்பாகவே பயன்படுத்தினேன். இரண்டாம் மட்டத்துக்கு 2 எம், மூன்றாவதற்கு 4 எம் என்று தாளின் ஓரத்திலிருந்து அளப்பதுபோலக் கொடுத்தேன். பட்டியல் வலப்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு மட்டத்தின் இடது ஓரமும் தன்னை உள்ளடக்கிய பட்டியலிலிருந்துதான் அளக்கப்படும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது என் கோப்புகளில் எண்ணே கிடையாது. இடது ஓரத்தின் அளவைக் கொடுக்கும் லெஃப்ட்மார்ஜின் என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான். புல்லட்டின் அகலத்தையும் அதை அடுத்த இடைவெளியையும் கூட்டித் தானே ஓரத்தை வைத்துக்கொள்ளும். முதல் மட்டத்து எழுத்து தொடங்கும் கோட்டிலேயே இரண்டாம் மட்டத்துப் புல்லட் வந்து நிற்கிறது. மட்டத்துக்குச் சுமார் 10 பாயின்ட்தான் செலவு, அதாவது முன்பு போனதில் பாதி. கண்ணுக்கும் இதுவே சரி. அடுக்கைக் காட்ட அவ்வளவு தள்ளல் போதும்.

குறைகளும் உண்டு. நட்சத்திரத்தை எண் பட்டியலுக்குப் போட்டால் ஓரிலக்க எண்ணை வைத்துத்தான் அளக்கும். 10 வந்ததும் எண் இடப்பக்கம் பிதுங்கும். மிக அகலமான எண் எது என்று நாம்தான் சொல்லித்தரவேண்டும். நான் இன்னும் மறக்கிறேன். லேடெக்கின் ஸ்லைடு வகுப்பான பீமரில் வேலை செய்யும்போது இந்தத் தொகுப்பை ஏற்றினால் புல்லட்டுகள் காணாமல் போய்விடும், அங்கே தொடுவதில்லை. ஒரு தமிழ் எழுத்துருவிலும் புல்லட் மறைந்தது, ஆனால் அது வேறு கதை: அந்த எழுத்துருவில் அந்தக் குறியே இல்லை. பிழை என்று நிற்காது, பதிவுக் கோப்பில் ஒரு வரி முனகிவிட்டுப் போய்விடும். அச்சுக்குப் போன பிறகே பார்த்தேன். அன்றிலிருந்து புல்லட்டைக் கணித எழுத்துருவிலிருந்து எடுக்கிறேன்.

புல்லட் பட்டியல் நான்கு மட்டத்துக்கு மேல் போனால் லேடெக் ‘ரொம்ப ஆழம்’ என்று நின்றுவிடும். அந்த வரம்பை உயர்த்த எனும்ஐட்டத்தில் வழி இருக்கிறது; ஒரே ஒரு முறை உயர்த்தினேன். ஐந்தாம் மட்டத்து வரிகளை எழுதியவராலேயே எதற்குக் கீழ் எது என்று சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பிழை வந்தால் நிரலைத் திருத்துவதில்லை, பக்கத்தை அவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.