ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலா, இபிளானா: திரையில் எது எளிது?

ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல், இபிளான் இரண்டுமே மின்சுற்று வரைபடம் வரையும் மென்பொருள்கள். பொது வரைபட மென்பொருளான ஆட்டோகேட் பழகியவருக்கு ஆட்டோகேட் எலக்ட்ரிக்கல் அந்நியமாக இருக்காது. மேலே அதே ரிப்பன் (கருவிப் பட்டை), கட்டளை தட்ட அதே கமாண்ட் லைன். ஒவ்வொரு தாளும் தனி டிடபிள்யூஜி (ஆட்டோகேட் வரைபட) கோப்பு. அவற்றைத் தொகுத்துக் காட்டுவது புராஜெக்ட் மேனேஜர். முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இபிளான் எலக்ட்ரிக் பி8 முதலில் திணறடிக்கும். இங்கே திட்டம் முழுவதும் ஒரே தரவுத்தளம். பக்கங்களுக்கு ஒரு நேவிகேட்டர் (பட்டியல் சாளரம்), சாதனங்களுக்கு இன்னொன்று. அப்புறம் 2022 பதிப்பில்தான் ரிப்பன் வந்தது. பழைய வீடியோவைப் பார்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உண்மையான வித்தியாசம் ஒரு ரிலேயை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சைத் தேடும்போது தெரியும். அதை இயக்கும் காயில் (கம்பிச்சுருள்) ஒரு தாளில், அது திறந்து மூடும் கான்டாக்ட் வேறொரு தாளில். இபிளானில் கான்டாக்டைத் தேர்ந்தெடுத்து எஃப் விசையை அழுத்தினால் நேராகக் காயிலுக்கே போய்விடலாம். ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் சர்ஃபர் என்ற தேடல் கருவி இருக்கிறது. அது அந்த ரிலே வரும் இடங்களையெல்லாம் பட்டியலிடும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் போகலாம். ஒரு படி கூடுதல்தான், ஆனால் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காண்பது எனக்குப் பிடிக்கும்.

குறியீட்டை வைக்கும்போது டேப் விசையைத் தட்டித் திசை மாற்றுவதும், நேர்க்கோட்டில் எதிரெதிரே வரும் முனைகள் தாமாகவே இணைவதும் இபிளானின் பெரிய வசதிகள். நூறு தாள் தாண்டும் பேனல் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டி) என்றால் அதைத்தான் எடுப்பேன். பத்துப் பதினைந்து தாளுக்கு ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலே போதும்.