காயங்களும் பின்வரிசையும்: ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ குறித்து ஒரு மதிப்புரை

கால்பந்து அணி ஒன்றின் மேலாளராக இருந்து ஆடும் ‘ஃபுட்பால் மேனேஜர்’ வரிசைக் கணினி விளையாட்டுகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் இளம் வீரர்களைத் தேடிப் பிடிப்பதையும், அடிமட்டத்தில் கிடக்கும் கழகம் ஒன்றைச் சாம்பியன் ஆக்குவதையும் பற்றியே பேசுகின்றன. லண்டனில் இயங்கும் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி, சேகா நிறுவனம் 2023 நவம்பரில் வெளியிட்ட ‘ஃபுட்பால் மேனேஜர் 2024’ஐ நான் வேறொரு கேள்வியோடு அணுகினேன். பின்வரிசையின் நடுவில் நின்று தற்காக்கும் முதன்மையான சென்டர் பேக்குகள் இருவரும் ஒரே பருவத்தில் காயமடைந்து வெளியேறினால் ஓர் அணியின் தற்காப்பு என்ன ஆகிறது என்பதை இந்த விளையாட்டு உண்மையாகக் காட்டுகிறதா? முன்கள வீரர் ஒருவர் இல்லாமல் போனால் கோல்கள் குறையும், அவ்வளவுதான். ஆனால் தற்காப்பின் தூணாக நின்றவர் போய்விட்டால் அணி மைதானத்தில் நிற்கும் இடமே மாறிவிடுகிறது. ஆகவே மேலாளராக ஆடும் ஒரு விளையாட்டுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சோதிப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை லிவர்பூலின் 2020-21 பருவத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். 2020 அக்டோபர் 17 அன்று குடிசன் பார்க்கில் நடந்த ஆட்டத்தில் எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு மோதியதில் விர்ஜில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த மாதம் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் ஜோ கோமஸின் முழங்கால் காயமடைந்தது. ஜனவரி இறுதியில் டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் ஏற்பட்ட கணுக்கால் காயத்தால் ஜோயல் மாட்டிப்பின் பருவமும் முடிந்தது. அதற்கு முந்தைய கோடையில் டேயன் லோவ்ரனை ஜெனித் கழகத்துக்கு விற்றுவிட்டு, அவர் இடத்துக்கு வேறொருவரை வாங்காமல் விட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நெருக்கடியில் துரதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு, திட்டக் குறைபாட்டின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும்.

லிவர்பூலின் அப்போதைய மேலாளர் யூர்கன் கிளாப் எடுத்த முதல் முடிவு யாருக்கும் நியாயமாகவே தோன்றியிருக்கும். நடுகளத்தில் பின்வரிசைக்கு முன்னால் நின்று காவல் காக்கும் ஃபாபினோவைச் சென்டர் பேக்காக இறக்கினார். பிறகு அணித்தலைவர் ஜோர்டன் ஹெண்டர்சனையும் அங்கே ஆடவைத்தார். ஃபாபினோ அந்த இடத்தில் நன்றாகவே ஆடினார். ஆனால் எதிரணியின் எதிர்த்தாக்குதலை அதன் தொடக்கத்திலேயே அறுப்பவரும், பந்தை விரைவாக முன்னே அனுப்புபவரும் நடுகளத்திலிருந்து காணாமல் போனார்கள். பின்னால் இருந்த ஓட்டையை அடைக்க எடுத்த துணி நடுவில் ஒரு கிழிசலை உண்டாக்கியது. 2021 ஜனவரி 21 அன்று பர்ன்லியிடம் தோற்றபோது, சொந்த மைதானத்தில் 68 லீக் ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த தொடர் முடிவுக்கு வந்தது. அதையும் சேர்த்து அந்தச் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களை லிவர்பூல் இழந்தது. அந்தக் கழகத்தின் வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

மார்ச் மாதத்தில் லைப்சிக் அணிக்கு எதிராகப் புடாபெஸ்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் ஃபாபினோ நடுகளத்துக்குத் திரும்பினார். சென்டர் பேக் இணையாக நாத்தானியல் ஃபிலிப்ஸும், ஷால்கவிலிருந்து கடனாக வந்த ஓசான் கபாக்கும் நின்றார்கள். கபாக் காயமடைந்த பிறகு, ஒரு காலத்தில் ஆறாம் அடுக்கு லீக்கில் கிடர்மின்ஸ்டர் அணிக்குக் கடனாக ஆடிய ரீஸ் வில்லியம்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். தனித்தனியே பார்த்தால் இவர்களில் ஒருவர்கூட ஃபாபினோவுக்கு ஈடானவர் இல்லை. ஆனாலும் கடைசிப் பத்து லீக் ஆட்டங்களில் எட்டு வெற்றி, இரண்டு சமநிலை என முடித்து, 69 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தைப் பிடித்தது அந்த அணி. வேறு இடத்துக்கு உரிய சிறந்த வீரரை இழுத்து வந்து நிறுத்துவதைவிட, அந்த இடத்துக்கே உரிய சுமாரான வீரரை நிறுத்தி, மற்றவர்களை அவரவர் இடத்தில் விடுவதே மேல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மைக் கால்பந்தில் எனக்குத் தெரிந்து இல்லை. இந்த விளையாட்டு அந்தப் பாடத்தைக் கற்பிக்கிறதா என்பதுதான் நான் பார்க்க விரும்பியது.

பெரும்பாலும் கற்பிக்கிறது. ஒவ்வொரு வீரரும் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பழக்கமானவர் என்பதைப் பச்சை முதல் சிவப்பு வரையிலான வட்டங்கள் காட்டுகின்றன. ஒருவருக்குத் தனிப்பயிற்சி கொடுத்துப் புதிய இடத்தைப் பழக்கலாம், ஆனால் அதற்கு மாதக்கணக்கில் காலம் பிடிக்கும். திறன்கள் 1 முதல் 20 வரை எண்களாகத் தரப்படுவதால், பந்தைப் பறிப்பதிலும் எதிர்பார்த்து நகர்வதிலும் உயர்ந்த எண்கள் கொண்ட நடுகள வீரரைப் பின்னால் இறக்கும் ஆசை எவருக்கும் வரும். இறக்கிப் பார்த்தேன். பின்னால் அவர் ஆட்டத்துக்குக் கிடைத்த மதிப்பெண் மோசமாக இல்லை; ஆனால் எதிரணியினர் நடுகளத்தைக் கடந்து பின்வரிசையின் முகத்துக்கு நேராக ஓடிவரும் காட்சிகள் முன்பைவிட அடிக்கடி வரத் தொடங்கின. அவரை மறுபடியும் தம் இடத்துக்கு அனுப்பி, இருப்பு வரிசையிலிருந்த சாதாரணச் சென்டர் பேக் ஒருவரை நிறுத்தியபோது தனிப்பட்ட பிழைகள் கூடின. ஆனால் எதிரணிக்குக் கிடைத்த கோல் வாய்ப்புகள் குறைந்தன. லிவர்பூல் பாதிப் பருவத்தை விலையாகக் கொடுத்து அறிந்த உண்மையை இந்தத் திரை எவ்வித விளக்கமும் இல்லாமல் காட்டிவிட்டது. இதற்காகவே இந்த விளையாட்டை நான் மதிக்கிறேன்.

ஆனால் இடமாற்றம் எப்போதுமே தவறு என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு ரியல் மாட்ரிட்டின் 2023-24 பருவம் சாட்சி. பருவம் தொடங்கும் வேளையில், 2023 ஆகஸ்டில், கோல்கீப்பர் திபோ கோர்ட்டுவாவும் சென்டர் பேக் எடர் மிலிட்டாவோவும் சில நாள் இடைவெளியில் முழங்கால் தசைநார்க் காயத்தால் வெளியேறினார்கள். டிசம்பரில் வியாரியலுக்கு எதிரான ஆட்டத்தில் டேவிட் அலாபாவுக்கும் அதே வகைக் காயம். வீரர்களை வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தையில் கழகம் ஒரு சென்டர் பேக்கையும் வாங்கவில்லை. அன்டோனியோ ரூடிகரும் நாச்சோவும் பாரத்தைச் சுமந்தார்கள். அவர்களும் இல்லாத 2024 பிப்ரவரி 10 அன்று, பட்டத்துக்குப் போட்டியாக நின்ற கிரோனாவுக்கு எதிராக நடுகள வீரர் ஒரேலியன் சுவாமெனியும் வலப்பக்கத் தற்காப்பு வீரர் (ரைட் பேக்) டானி கார்வஹாலும் சென்டர் பேக் இணையாக ஆட, மாட்ரிட் 4-0 என்று வென்றது. பருவம் முழுவதும் 38 லீக் ஆட்டங்களில் விட்ட கோல்கள் 26 மட்டுமே. ஒரே ஒரு தோல்வி. லீக் பட்டம், அதோடு சாம்பியன்ஸ் லீக்கும்.

இரு அணிகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்கு என் பார்வையில் காரணங்கள் இரண்டு. சுவாமெனியைப் பின்னால் அனுப்பினாலும் நடுகளத்தை நிரப்ப மாட்ரிட்டிடம் கமவிங்கா, வால்வெர்டே, குரோஸ், மோட்ரிச் இருந்தார்கள். அதைவிட முக்கியமாக, கார்லோ அன்செலோட்டியின் அணி பின்வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி நிறுத்தியாக வேண்டிய கட்டாயத்தில் இல்லை. தேவைப்பட்டால் தன் பெனால்டி பகுதிக்கு அருகே இறங்கி, நெருங்கி நின்று ஆட அதற்குத் தெரியும். லிவர்பூலின் ஆட்டமோ அப்படி நடுக்கோட்டை நோக்கி உயர்த்தி நிறுத்திய பின்வரிசையின் மேல் கட்டப்பட்டது. அதன் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் பரந்த வெளியை வான் டைக்கின் வேகமும் கோல்கீப்பர் அலிசன் முன்னே ஓடிவந்து ஆடும் விதமும் காத்தன. வான் டைக் காயமடைவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே, ஆஸ்டன் வில்லா 7-2 என்று லிவர்பூலை வென்றிருந்தது. அன்று காயத்தால் இல்லாதவர் அலிசன். கோல்கீப்பரின் காயத்தையும் தற்காப்பின் காயமாகவே எண்ண வேண்டும் என்பதை அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இந்த விஷயத்தில் விளையாட்டு மிகச் சிறப்பாக அமைந்திருக்கிறது. பின்வரிசை நிற்க வேண்டிய உயரம், எதிரணியை நெருக்கத் தொடங்க வேண்டிய எல்லை, பந்து வரும்போது வரிசை முன்னே ஏற வேண்டுமா பின்வாங்க வேண்டுமா என்பது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே முடிவு செய்யலாம். வேகமான சென்டர் பேக் காயமடைந்த மறுநாள் உயரத்தைக் குறைக்காமல் அப்படியே விட்டால் நீண்ட பந்து ஒன்றிலேயே தண்டனை கிடைக்கிறது. உயரத்தை மட்டும் குறைத்து, முன்களம் நெருக்கும் எல்லையைப் பழையபடி விட்டாலோ, இரண்டுக்கும் நடுவே யாரும் காக்காத ஒரு பெருவெளி திறந்துவிடுகிறது. ஆகவே பின்னால் ஒருவர் குறைந்தால் முன்னால் ஓடுபவரின் வேலையையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதை ஆடுபவர் தாமாகவே கண்டடைகிறார். தொலைக்காட்சி வருணனையாளர்கள் “அவர் இருந்திருந்தால் இந்தக் கோலைத் தடுத்திருப்பார்” என்று சொல்லி முடித்துவிடும் இடத்தில், இந்த விளையாட்டு பதினொரு பேரையும் பற்றிச் சிந்திக்க வைக்கிறது.

காயம் வருமுன் காக்கும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மருத்துவ மையம் என்ற திரை, யாருக்குக் காயமடையும் வாய்ப்பு அதிகம், அதற்குக் காரணம் களைப்பா, தொடர்ந்து ஆடிய சுமையா, உடல்வாகா என்று தெரிவிக்கிறது. பயிற்சியின் கடுமையை வீரரின் உடல்நிலைக்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். பயனுள்ள பகுதிதான். ஆனால் இருவர் ஏற்கெனவே வெளியே இருக்கும்போது மூன்றாமவருக்கு ஓய்வு கொடுக்க மனம் வருவதில்லை, அப்படிக் கொடுக்காததால் அவரும் விழுகிறார். முதல் காயம் இரண்டாவதை வரவழைக்கும் இந்தச் சங்கிலி உண்மைக் கால்பந்தில் உள்ளதுதான், திரையிலும் அது அதே கொடுமையோடு வருகிறது.

ஜனவரிச் சந்தையைப் பற்றி ஒரு சொல். காயம் பட்டியலாக நீளும்போது அவசரமாக ஆள் வாங்கத் தோன்றும். லிவர்பூல் 2021இல் சந்தை மூடும் நாளில் கபாக்கோடு பிரெஸ்டன் கழகத்திலிருந்து பென் டேவிஸையும் கொண்டுவந்தது. டேவிஸ் அந்தக் கழகத்துக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமலேயே பின்னர் விலகினார். விளையாட்டிலும் புதிதாக வருபவர் அணியின் ஆட்ட முறையோடு பழகவும், அணியின் ஒற்றுமை அளவு மீண்டும் ஏறவும் வாரங்கள் ஆகின்றன. அதற்குள் இளையோர் அணியிலிருந்து வரும் ஒருவர் அந்த இடத்தைத் தமதாக்கிக்கொள்வது, ஆடும்போது எனக்கு மிகவும் நிறைவளித்த அனுபவங்களுள் ஒன்று. மாட்டிப் மீண்டும் நீண்டகாலக் காயமடைந்த 2023-24 பருவத்தில் லிவர்பூலின் ஜாரெல் குவான்சா எழுந்து வந்த விதத்தைக் கண்டவர்களுக்கு இது புனைவாகத் தோன்றாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். தற்காப்பு என்பது பெரிதும் பேச்சு. பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரை இடம் வலமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வான் டைக் இல்லாத லிவர்பூலில் எனக்கு முதலில் தெரிந்த வெறுமை அதுதான். இந்த விளையாட்டிலோ, பேசி வழிநடத்தும் திறன் தனி எண்ணாகக் கோல்கீப்பருக்கு மட்டுமே உண்டு. களத்தின் மற்ற வீரர்களுக்குத் தலைமைப் பண்பு, கூட்டுழைப்பு, கவனம் ஆகியவை இருக்கின்றனவே தவிர, பக்கத்தில் நிற்பவரை மேம்படுத்தும் ஆற்றல் என்று ஒன்று கண்ணுக்குப் புலப்படவில்லை. அதனால் பெரிய வீரர் ஒருவர் வெளியேறும்போது அவருடைய இடம் பலவீனமாவது தெரிகிறது. அவருக்கு அருகில் நின்றவர் திடீரெனத் தடுமாறத் தொடங்குவது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இந்த வரிசையில் இனி வரும் பதிப்புகள் முதலில் திருத்த வேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து. செய்தியாளர் சந்திப்புகள் இன்னொரு ஏமாற்றம்: மூன்று தற்காப்பு வீரர்களை இழந்து நிற்கும் மேலாளரிடம் கேட்கப்படும் கேள்விகள், ஒருவரை இழந்தவரிடம் கேட்கப்படும் கேள்விகளிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை.

இந்தப் பதிப்புக்குப் பின் வரவேண்டிய 2025 பதிப்பு, 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது; அதே ஆண்டு நவம்பரில் 2026 பதிப்பு வந்தது. பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பு, இல்லாதபோது வேறோர் அமைப்பு என வகுத்துக்கொள்ளும் வசதியை அது தருகிறது. காயங்களால் குலைந்த பின்வரிசையைச் சீரமைப்பவருக்கு அது பெரிய உதவி. ஆயினும் முதன்முறை ஆடுபவருக்கும், வசதி குறைந்த கணினி வைத்திருப்பவருக்கும் 2024 பதிப்பையே பரிந்துரைப்பேன். கைப்பேசிப் பதிப்பு நெட்ஃபிளிக்ஸ் சந்தாதாரர்களுக்காக வெளியிடப்பட்டது. ஆனால் அது எளிமையாக்கப்பட்டது, இங்கே நான் பேசிய நுணுக்கங்களைத் தேடுபவர்கள் கணினிப் பதிப்பையே வாங்க வேண்டும். தமிழ் இடைமுகம் கிடையாது என்பதால், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நீண்ட அறிக்கைகளைப் படிக்கும் பொறுமையும் தேவைப்படும்.

வாங்குபவர்களுக்கு என் ஆலோசனை இது: ரியல் மாட்ரிட்டைத் தேர்ந்தெடுங்கள், மிலிட்டாவோ, அலாபா, கோர்ட்டுவா மூவரையும் நீங்களாகவே அணிக்கு வெளியே நிறுத்திவிடுங்கள், ஜனவரியில் எவரையும் வாங்காதீர்கள். சுவாமெனியைப் பின்னால் இறக்குவதா, நாச்சோவை நம்புவதா என்று தீர்மானிக்கும் முன் பின்வரிசையின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.